மறுகா என்று சொல்ல என்ன கூச்சம்?

போன கிழமை அக்காவின் மகள் மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டுக் குசினியில் நின்று சமையல் வீடியோ எடுத்தாள். ஓரா மீன் சொதி. பால் பிழிந்தது, புளி விட்டது எல்லாம் என் அம்மா செய்த மாதிரியே. போனைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். "மறுகா ஒள்ளுப்பம் உப்புப் போடணும்" என்றாள். உடனேயே "ஐயோ, அதை வெட்டுங்க சின்னம்மா" என்று கையைக் காட்டினாள். இரண்டாம் தடவை வந்தது இது: "அப்புறம் கொஞ்சமா உப்பு சேர்த்துக்கலாம் ஃப்ரெண்ட்ஸ்." குரலே மாறிவிட்டது.

ஏன் மகள் என்று கேட்டேன்.

"மறுகா எண்டா சிரிப்பாங்க. இந்தியாவில பார்க்கிற ஆக்களுக்கு விளங்காது."

அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 2012 கணக்கெடுப்பில் மட்டக்களப்பு மாவட்டம் முழுக்க சுமார் 5 இலட்சத்து 26 ஆயிரம் பேர். தமிழ்நாட்டில் அதற்கு முந்தைய வருடமே 7 கோடிக்கு மேல். பேஸ்புக்கில் லைக் பட்டன் வந்தது 2009இல். இப்போது அதையும் தாண்டி, எத்தனை விநாடி ஆள் நின்று பார்த்தார் என்பதை வைத்தும் ஒரு வீடியோ மேலே போவதும் கீழே போவதும் நடக்கிறது. யாரும் இவளுக்குக் கட்டளை போடவில்லை. எண்ணிக்கையைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளை தானாகவே தன் வாயைத் திருத்திக்கொண்டாள்.

சமூக ஊடகத்தில் உண்மையாக இருப்பது பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் ஃபில்டரைத்தான் திட்டுகிறார்கள். எனக்கு ஃபில்டர் பெரிய விசயமாகத் தெரியவில்லை. ஸ்டூடியோவுக்குப் போகும்போது நாங்களும் பவுடர் அப்பிக்கொண்டுதான் போனோம். வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவினால் சரி. பேச்சு அப்படிக் கழுவுப்படாது.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். கொழும்பில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் பேச்சைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள். இரண்டு வருடத்தில் மறுகாவும் ஒள்ளுப்பமும் என்னிடம் இல்லாமல் போயின. ஒருநாள் வீட்டுக்குப் போன் எடுத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆரு புள்ள பேசுற?" என்று கேட்டார். அன்றைக்கு அழுதேன். இன்றைக்கும் அதை நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

இவ்வளவு கூச்சப்பட இந்தப் பேச்சில் என்ன குறை? பிராகில் பிறந்த தமிழறிஞர் கமில் சுவெலபில் 1960களில் இலங்கைத் தமிழை ஆராய்ந்து எழுதியபோது, பேச்சு வழக்குகளிலேயே எழுத்துத் தமிழுக்கு மிக நெருக்கமானது மட்டக்களப்புத் தமிழ் என்றார். மிகப் பழைய கூறுகளை அது காப்பாற்றி வைத்திருக்கிறது என்றும் எழுதினார். எங்கேயோ இருந்து வந்த மனிதர் காது கொடுத்துக் கேட்டு வியந்த பேச்சைத்தான் எங்கள் பிள்ளைகள் வெட்டச் சொல்கிறார்கள்.

விளங்காது என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மதுரைப் பேச்சும் கோயம்புத்தூர்ப் பேச்சும் எங்களுக்கு எப்படி விளங்கின? கேட்டுக் கேட்டுத்தானே. அவர்களும் கேட்கட்டும். லண்டனிலும் டொரொண்டோவிலும் இருக்கிற எங்கட ஆக்கள் சொதியின் செய்முறைக்காகவா அந்த வீடியோவைத் திறப்பார்கள்? ஊர்க் குரல் ஒன்று கேட்காதா என்றுதான் திறப்பார்கள்.

அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகள் இன்னும் என் போனில் இருக்கின்றன. கடைசியில் உள்ளது நாலு விநாடிதான். "மறுகா எடுக்கிறன் புள்ள."

நேற்றிரவு அதை அக்காவின் மகளுக்குப் போட்டுக் காட்டினேன். இன்னொருக்கா போடுங்க சின்னம்மா என்றாள்.