உர்சுலா ரகோவா மரபை மீறியவர் அல்லர்
பசிபிக் தீவுகளின் பெண் தலைவர்களைப் பற்றிய ஆவணப்படங்கள் ‘மரபை மீறி எழுந்தவர்களை’ நமக்கு அறிமுகப்படுத்துகின்றன என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பது, பப்புவா நியூ கினியின் கார்ட்டரெட் தீவுகளுக்குப் பொருந்தாது. அங்கே நிலம் தாயிடமிருந்து மகளுக்கே செல்கிறது. உப்புநீர் புகுந்து சேம்பங்குழிகள் பாழானபோது, ஊர்ப் பெரியவர்களின் முடிவை ஏற்று, அந்தத் தீவுகளைச் சேர்ந்த உர்சுலா ரகோவா 2006இல் ‘துலேலே பெய்சா’ என்ற மறுகுடியேற்ற அமைப்பைத் தொடங்கி, போகன்வில் பெருந்தீவில் கத்தோலிக்கத் திருச்சபை அளித்த நிலத்தில் குடும்பங்களைக் குடியேற்ற முன்நின்றதை, அந்தத் தாய்வழி உரிமையின் தொடர்ச்சியாகவே நான் பார்க்கிறேன். வேர் வெளியே தெரியச் சாய்ந்து கிடக்கும் தென்னைகளைக் கேமரா நெடுநேரம் காட்டட்டும், அது தேவைதான். ஆனால் புது மண்ணில் கொக்கோ பயிரிடும் பெண்களிடம், தாய் தந்த நிலத்தைக் கடல் கொண்டுபோன பின் மகளுக்கு எதைக் கொடுப்பீர்கள் என்றும் அந்தப் படங்கள் கேட்க வேண்டும்.