சிக்கனம் மேலிருந்து தொடங்கட்டும்

2008 நவம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் ஆகிய மூன்று கார் நிறுவனங்களின் தலைவர்களும் 2,500 கோடி டாலர் அரசு உதவி கேட்டு வாஷிங்டன் போனார்கள். மூவரும் போனது தனித்தனி ஜெட் விமானங்களில். அமெரிக்க நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழு உறுப்பினர்கள் அதைச் சுட்டிக்காட்டிக் கேள்வி கேட்டதும், அடுத்த மாதம் மூவரும் காரில் வந்தார்கள். அப்படியானால் முதல் பயணத்துக்கும் ஜெட் தேவைப்படவில்லை. கேட்க ஆள் இல்லாததால் நடந்த செலவு அது.

அமெரிக்க முதலீட்டு வங்கியான மெரில் லிஞ்ச் பெரும் நஷ்டத்தில் மூழ்கிக்கொண்டிருந்த அதே ஆண்டில், அதன் தலைவர் ஜான் தெய்ன் தன் அலுவலக அறைகளைப் புதுப்பிக்க ஏறக்குறைய 12 லட்சம் டாலர் செலவிட்டார். ஒரு தரைவிரிப்பு மட்டும் 87,000 டாலருக்கு மேல். செய்தி வெளியான பிறகுதான் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்.

இதைப் பேசினால் உடனே ஒரு பதில் வரும்: "இந்தச் சலுகைகளை எல்லாம் நிறுத்தினாலும் ஆளுக்கு எவ்வளவு கிடைத்துவிடும்?" கணக்கு சரிதான், மிகச் சொற்பமாகவே கிடைக்கும். ஆனால் அதே சொற்பத் தொகைக்காகத்தானே கீழே இருப்பவர்களிடம் கத்தரியை நீட்டுகிறார்கள்? ரசீது ஒன்று தொலைந்தால் பயணப்படி கிடையாது. இரவுப் பணி முடிந்து வீடு போக வாகனம் நிறுத்தப்படும். ஓவர்டைம் செய்தாலும் கணக்கில் ஏறாது. துப்புரவுப் பணியாளரின் கையுறை கிழிந்தால், அடுத்தது வர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மேலே நடப்பதற்குத் 'தொழில் தேவை' என்று பெயர், கீழே கேட்பதற்கோ 'கூடுதல் சுமை'. என் கோபமெல்லாம் இந்தப் பாகுபாட்டின் மீதுதான். திறமைக்கு நல்ல ஊதியம் தருவதை நான் எதிர்க்கவில்லை.

வேறு விதமாகவும் நடக்க முடியும். 2014-இல் ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனமான நின்டெண்டோவின் விற்பனை சரிந்தபோது அதன் தலைவர் சடோரு இவாடா தன் சம்பளத்தைச் சில மாதங்களுக்குப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். மற்ற இயக்குநர்களின் ஊதியமும் குறைந்தது. வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டிருப்பவர்களால் நல்ல விளையாட்டுகளை உருவாக்க முடியாது என்பதை அவர் அதற்கு முன்பே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்.

இந்தியாவில் 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் ஒவ்வொரு இயக்குநரின் ஊதியமும், சம்பள வரிசையில் சரிநடுவில் இருக்கும் ஊழியருடையதைப் போல் எத்தனை மடங்கு என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அமெரிக்காவிலும் 2018 முதல் தலைமை அதிகாரிக்கு இத்தகைய கணக்கு வெளியாகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒப்பந்தக்காரர் மூலம் வரும் காவலாளியும் துப்புரவுப் பணியாளரும் நிறுவனத்தின் ஊழியர் பட்டியலிலேயே இல்லாததால், அந்த மடங்கில் அவர்கள் இடம்பெறுவதில்லை. மிகக் குறைந்த சம்பளம் வாங்குபவர்களை விட்டுவிட்டுப் போடும் கணக்கு இது. அவர்களையும் சேர்த்தால் எத்தனை மடங்கு வரும் என்று, பங்கு வைத்திருப்பவர்கள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டும்.