திறந்து பார்க்காமலே தீர்ப்பு எழுதும் எஞ்சின் நிபுணர்கள்

"எஞ்சின் போயிடுச்சு சார், புதுசு மாத்திடலாம்."

இதைச் சொன்ன சர்வீஸ் அட்வைசர் அதுவரை பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. கையில் இருந்த டேப்லெட்டில் ஏதோ ஒரு பார்ட் நம்பரைத் தட்டினார். 18 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய்க்கு எஸ்டிமேட் வந்து விழுந்தது. காய்ச்சல் என்று வந்தவனின் நாடியைக்கூடத் தொடாமல் சுடுகாட்டுக்கு ஆள் அனுப்புகிற வைத்தியம் இது. இதற்குப் பெயர் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்!

என் வண்டி ஆறு வயதான, இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். டர்போ கிடையாது, கியர் கையால் போடுவது. இந்த மாதிரி ஒன்றை இன்று புதிதாக வாங்கலாம் என்றால் ஷோரூமில் சிரிப்பார்கள். மழையில் எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் பானெட் அளவுக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. ஸ்போர்ட்ஸ் கார் தரையோடு தரையாக இருப்பதால் எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் ஏர் இன்டேக்கும் கீழேதான் இருக்கும், ஸ்டார்ட் செய்தால் தண்ணீரை உறிஞ்சிவிடும். நான் சாவியைத் தொடவே இல்லை. சென்னையில் 2015 வெள்ளத்தையும் மிக்ஜாம் புயலையும் பார்த்தவனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா? பிளாட்பெட் வண்டி வரவழைத்து, "யாரும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று ஒரு தாளில் எழுதி, ஸ்டீயரிங்கில் ஒட்டித்தான் அனுப்பினேன்.

அங்கே யாரோ ஒரு புண்ணியவான், வண்டியை ஓரமாக நகர்த்துவதற்காக ஸ்டார்ட் பட்டனை அழுத்தியிருக்கிறார். இரண்டு நொடி ஓடியதாம், 'டமால்' என்று நின்றதாம். இதை எனக்குச் சொன்னவர் வாசலில் நிற்கும் செக்யூரிட்டி. கேமரா பதிவைக் கேட்டால், மழையில் கேமரா வேலை செய்யவில்லை என்கிறார்கள். இதையெல்லாம் தாண்டியது ஜாப் கார்டில் எழுதியிருந்த வரி: 'வாடிக்கையாளர் ஸ்டார்ட் செய்ய முயன்றார்'. யோவ்!

அந்த ஒரு வரி சும்மா வரி இல்லை. சாதாரண கார் பாலிசியில், தண்ணீர் புகுந்து எஞ்சின் அடைத்துக்கொண்டால் பணம் வராது. அது 'தொடர் விளைவு' என்று தள்ளிவிடுவார்கள். அதற்கென்று தனியாகப் பணம் கட்டி எஞ்சின் புரொடெக்ட் ஆட்-ஆன் எடுத்திருக்க வேண்டும். நான் எடுத்திருக்கிறேன். எடுத்திருந்தாலும், தண்ணீரில் நின்ற வண்டியை உரிமையாளரே ஸ்டார்ட் செய்தார் என்று எழுத்தில் இருந்தால் கிளெய்மை வெட்டுவதற்கு அவர்களுக்குக் கத்தியே கொடுத்த மாதிரி. மின்னஞ்சலுக்கு மேல் மின்னஞ்சல் போட்டுத்தான் அந்த வரியை எடுக்க வைத்தேன். மன்னிப்பு? அதெல்லாம் அவர்களுடைய பார்ட் லிஸ்டில் இல்லை.

சரி, எஞ்சின் கதைக்கு வருவோம். தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே ஏறும்போது காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும், பெரும்பாலும் பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராட்தான் வளையும். ஸ்டார்ட்டர் சுற்றும் மெதுவான வேகத்திலேயே எஞ்சின் இறுகி நின்றிருந்தால் ராட் வளையாமல் தப்பியும் இருக்கலாம். ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரிந்து எஞ்சின் கிளம்பியிருந்தால் இரண்டு ராட் வளைந்திருக்கலாம். மோசமான நேரமாக இருந்தால் ராட் முறிந்து எஞ்சினின் உடம்பான பிளாக்கையே கிழித்திருக்கும். இந்த மூன்றில் எது நடந்தது என்று வெளியே நின்று சொல்ல முடியாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்ற வேண்டும். பிளக் ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும். அப்புறம் உள்ளே கேமரா விட வேண்டும். ஒவ்வொரு பிஸ்டனும் உச்சிக்கு வரும்போது எவ்வளவு உயரம் வருகிறது என்று அளக்க வேண்டும். ராட் வளைந்த பிஸ்டன் மற்றவற்றைவிடக் கொஞ்சம் கீழேயே நின்றுவிடும். பிளக் கழற்றி அளப்பது அரை நாள் வேலை. அதைச் செய்ய ஆள் இல்லை, 18 லட்சத்துக்கு எஸ்டிமேட் போட மட்டும் ஆள் இருக்கிறது.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் எல்லாம் புரியும். என் வண்டியின் ஐடிவி, அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு, 24 லட்சம். பழுதுச் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் 'டோட்டல் லாஸ்'. 24 லட்சத்தில் 75 சதவீதம் 18 லட்சம். எஸ்டிமேட் 18.70. என்ன ஒரு பொருத்தம், ஜாதகம்கூட இவ்வளவு பொருந்தாது! டோட்டல் லாஸ் ஆனால் ஒரு செக் வரும், வண்டி போய்விடும். இன்ஷூரன்ஸ்காரர் போனில் தேன் ஒழுகப் பேசுகிறார், "நல்ல அமவுண்ட் சார், வாங்கிட்டு புதுசா ஒண்ணு பாருங்க." எதை ஐயா பார்ப்பது? அந்தப் பணத்துக்குக் கிடைப்பது ஒரு ஆட்டோமேட்டிக் எஸ்யூவி. அதை நீங்களே ஓட்டுங்கள்.

அப்படியே டோட்டல் லாஸ் ஆகாமல் புது எஞ்சின் போட்டாலும் வேறு பள்ளம். ஐந்து வயதைத் தாண்டிய வண்டிக்கு, தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் 'பம்பர் டு பம்பர்' கிடைப்பது குதிரைக்கொம்பு. அது இல்லாவிட்டால் ஐந்திலிருந்து பத்து வயது வண்டிக்கு உலோகப் பாகங்களில் 40 சதவீதம் தேய்மானம் என்று கழிப்பார்கள், ரப்பர், பிளாஸ்டிக்குக்குப் பாதி. எஞ்சினுக்கு மட்டும் 14 லட்சம் என்றால் ஐந்தரை லட்சத்துக்கு மேல் என் கையிலிருந்து போகும். இதைச் சொல்லாமல் "இன்ஷூரன்ஸ் பாத்துக்கும் சார்" என்று தோளில் தட்டுகிறார் அட்வைசர். அவருக்கென்ன, பெரிய பில் போட்டால் டார்கெட் முடிந்தது.

இது என் ஒருவனுக்கு நடப்பதும் இல்லை. 2022 பெங்களூரு வெள்ளத்தில் நனைந்த ஒரு 11 லட்ச ரூபாய் காருக்கு 22 லட்சம் எஸ்டிமேட் போட்ட கதை ஊரே சிரித்த கதை. எஸ்டிமேட் தாளைக் கொடுப்பதற்கே நாற்பத்து நான்காயிரத்துச் சொச்சம் கேட்டு, விஷயம் வெளியே வந்த பிறகு ஐயாயிரத்துக்கு இறங்கினார்கள். சத்தம் போட்டால்தான் விலை இறங்கும் என்பது காய்கறிக் கடையோடு முடிந்த பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

நண்பர்கள் வேறு. "புதுப்பேட்டையில விசாரி மச்சி, டெல்லி மாயாபுரியில கெடைக்கும், பழைய எஞ்சின் ஒண்ணு தூக்கிப் போட்டுடலாம்." எந்த வண்டியிலிருந்து கழற்றியது, அந்த வண்டி எந்த மரத்தில் மோதியது, பில் உண்டா? ஆர்சி புத்தகத்தில் எஞ்சின் நம்பர் இருக்கிறது என்பதை இவர்கள் யாரும் யோசிப்பதே இல்லை. எஞ்சினை மாற்றினால் ஆர்டிஓவில் போய்ப் பதிய வேண்டும், அதற்கு எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று தாள் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கிளெய்மும் போச்சு, விற்பதும் போச்சு. இன்னொருவர், "வேளச்சேரி மேம்பாலத்துல நிறுத்தியிருக்கலாமே" என்றார். 2024 அக்டோபரில் வெள்ளத்துக்குப் பயந்து அங்கே வரிசையாக நின்ற கார்களைப் பார்த்திருக்கிறேன், இடம் பிடிக்கத் துண்டு போட்டுக்கொண்டு உட்கார வேண்டும்.

நான் புது எஞ்சினுக்கு எதிரி இல்லை. பிளாக் கிழிந்திருந்தால், கிராங்க் போயிருந்தால், மாற்றத்தான் வேண்டும். இந்த வகை அலுமினிய பிளாக்கில் சிலிண்டர் சுவருக்கு மெல்லிய பூச்சு இருக்கிறது. அதில் ஆழமாகக் கீறல் விழுந்தால் தெருமுனை லேத்தில் போரிங் போட்டுச் சரிக்கட்ட முடியாது. அப்போது நானே காசை எண்ணி வைப்பேன். ஆனால் அளந்துவிட்டுச் சொல்லுங்கள் ஐயா!

எனக்கு வயிறு எரிவது இதற்கெல்லாம் மேல் இன்னொன்றில். சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கிறது. நிற்க நிற்கத் துரு பிடிக்கும், பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்ளும். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிக் கொஞ்சம் ஆயிலாவது விடுங்கள் என்று கெஞ்சினேன். "சர்வேயர் பாக்குற வரைக்கும் கை வைக்கக் கூடாது சார்." சேதத்தை மதிப்பிட இன்ஷூரன்ஸ் அனுப்பும் அந்தச் சர்வேயரைக் கேட்டால் "சர்வீஸ் சென்டர் பிரிச்சு வைக்கட்டும், வர்றேன்." இவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காட்டிக்கொண்டிருக்கும்போதே, சரிசெய்யக்கூடிய எஞ்சின் சரிசெய்ய முடியாத எஞ்சினாகத் தானாக மாறிக்கொண்டிருக்கும். அப்புறம் "நாங்கதான் அப்பவே மாத்தச் சொன்னோமே" என்பார்கள்.

கடைசியில் எழுத்துமூலமாகப் புகார் போகும், அடுத்து இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேன் என்று மிரட்டிய பிறகு சர்வேயர் வந்தார், எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினார்கள். எனக்குத் தெரிந்த அம்பத்தூர் மெக்கானிக் ஷெட் அண்ணனையும் கூட்டிப் போயிருந்தேன். அட்வைசர் அவரை மேலும் கீழும் பார்த்தார். அண்ணன் கண்டுகொள்ளவில்லை. செல்போன் டார்ச்சை மூன்றாவது சிலிண்டருக்குள் அடித்து, விரலால் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். சுவரில் பழைய கரிக்கோடு மேலே இருந்தது. பிஸ்டன் உச்சிக்கு வந்தும் அந்தக் கோட்டை எட்டவில்லை, ஒரு தீக்குச்சி கனம் கீழே நின்றது. "ராட் வளைஞ்சிருக்கு தம்பி. நாலாவதும் அப்படித்தான். சுவர்ல நகம் சிக்கல பாருங்க, பிளாக் நல்லாருக்கு. கிராங்கை எடுத்து அளந்துட்டாப் போதும்."

கிராங்கும் நேராகத்தான் இருந்தது. ராட், ரிங், பேரிங், கேஸ்கெட், மறுபடி பயன்படுத்தக் கூடாத போல்ட்டுகள், கூலி எல்லாம் சேர்த்து அண்ணன் ஷெட்டில் நாலு லட்சத்துச் சொச்சம். 18.70 எங்கே, இது எங்கே?

"வெளியே செஞ்சா வாரண்டி கிடையாது சார்" என்றார் அட்வைசர். ஆறு வயது வண்டிக்கு இல்லாத வாரண்டியைக் காட்டிப் பயமுறுத்துகிற துணிச்சலுக்கே ஒரு சலாம் போடலாம்.

வண்டியை வெளியே எடுக்கும்போது கேட்டில் ஒரு பில் நீட்டினார்கள். நாள் வாடகை போட்டு பார்க்கிங் கட்டணமாம், எஸ்டிமேட் போட்ட கட்டணம் தனியாம். கட்டுகிறேன், தாராளமாக. ஸ்டார்ட் பட்டனை அழுத்தியது யார் என்று அதே தாளின் பின்பக்கம் எழுதி, மேனேஜர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும் என்றேன். மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறாராம். இருக்கட்டும்.