பால்கனிக்குப் பக்கத்தில் ஒரு கை

மாட்டுங்காவில் கீழ்வீட்டு மாமா ஊதும் புகைக்குப் பயந்துதான், மும்பையிலிருந்து கோவா போகும் கப்பலில் கூடுதல் காசு கொடுத்து பால்கனி அறை எடுத்தோம். அறையிலும் பால்கனியிலும் புகைக்கக் கூடாது என்று கதவிலேயே ஒட்டியிருந்தார்கள். அப்பாடா என்று உட்கார்ந்தால், பக்கத்து பால்கனியிலிருந்து மோதிரம் போட்ட கை ஒன்று மட்டும் வெளியே நீண்டு சாம்பலைத் தட்டுகிறது. காற்று அதை நேராக என் காபியில் கொண்டுவந்து போட்டது.

ஊழியரிடம் சொன்னேன். "மேல் தளத்தில் அதற்கென்று இடம் இருக்கிறது மேடம்" என்றார். என்னவோ நான்தான் ஊதுகிற மாதிரி!

வெறும் நாற்றம் என்றால்கூடப் பரவாயில்லை. 2006இல் ஸ்டார் பிரின்சஸ் கப்பலின் பால்கனியில் பிடித்த தீக்கு அணையாத சிகரெட்தான் காரணமாக இருக்கும் என்றது விசாரணை. மறுநாள் காலையும் அதே மோதிரக் கை.