மருந்து குவிந்தால் போதுமா?
போரும் பேரிடரும் தாக்கிய இடங்களுக்கு மருந்து நன்கொடை அனுப்புவது பற்றிய கட்டுரையில், 'எவ்வளவு மருந்து போகிறதோ அவ்வளவு உயிர் பிழைக்கும்' என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1992 முதல் 1996 வரை, போரால் சிதைந்த போஸ்னியாவுக்கு நன்கொடையாகப் போன மருந்துகளில் சுமார் 17,000 டன் பயன்படுத்தத் தகாதவை என்று பின்னர் மதிப்பிட்டார்கள். நன்கொடை மருந்து வந்து சேரும்போது குறைந்தது ஓராண்டாவது காலாவதியாகாமல் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1996-இல் நெறிமுறையே வகுக்க வேண்டியிருந்தது. நிவாரண முகாம் ஒன்றில் இப்படி வந்த பெட்டிகளை நானே பிரித்து அடுக்கியிருக்கிறேன். பாதி விழுங்கி மீந்த மாத்திரை அட்டைகள், எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாத மொழியில் அச்சிட்ட புட்டிகள், மூடி கசிந்து அட்டைப்பெட்டியோடு ஒட்டிக்கொண்ட இருமல் மருந்து (அந்தப் பிசுக்கு கையை விட்டுப் போகவே இல்லை). இரண்டு நாள் உழைப்பில் தேறியது ஒரே ஒரு பெட்டி. வெளியே வயிற்றுப்போக்கோடு குழந்தைகள் காத்திருந்தார்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் மட்டும் கையிருப்பில் இல்லை. பணமாகக் கொடுத்தால் இடையில் யாராவது சுருட்டிவிடுவார்கள், பொருளே மேல் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர் சொல்கிறார். நியாயமான பயம்தான். பொருளாகவே கொடுங்கள், ஆனால் களத்தில் இருக்கும் மருத்துவரிடம் பட்டியல் வாங்கிய பிறகு கொடுங்கள்.