ஐஸ்லாந்துக்குப் பெயர் வந்தது எதிரியை ஏமாற்றவா?

"பசுமையான தீவை யாரும் பறித்துவிடக் கூடாது என்று வைக்கிங்குகள் அதற்கு ஐஸ்லாந்து என்றும், பனி மூடிய தீவுக்கு கிரீன்லாந்து என்றும் வேண்டுமென்றே பெயரை மாற்றி வைத்தார்கள்." வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தக் கதை தவறு.

இரண்டு பெயர்களையும் வைத்தவர்கள் வேறு வேறு ஆட்கள். இடையில் ஏறத்தாழ நூறு ஆண்டுகள்.

9ஆம் நூற்றாண்டில் ஃப்ளோக்கி என்ற வைக்கிங் கடலோடி ஆடுமாடுகளோடு வடமேற்கு ஐஸ்லாந்தில் இறங்கினார். கோடை முழுக்க மீன்பிடியிலேயே மூழ்கி, குளிர்காலத்துக்கு வைக்கோல் சேர்க்க மறந்துவிட்டார். கால்நடை எல்லாம் செத்தது. வசந்தத்தில் மலையேறிப் பார்த்தால் கடற்கழி நிறையப் பனிக்கட்டி. வெறுத்துப்போய் வைத்த பெயர்தான் ஐஸ்லாந்து என்கிறது 'லாண்ட்நாமபோக்' என்ற பழைய குடியேற்ற நூல். வேடிக்கை என்னவென்றால், கூட வந்த தோரோல்ஃப், அங்கே ஒவ்வொரு புல்லிலும் வெண்ணெய் சொட்டுகிறது என்று ஊரெல்லாம் புகழ்ந்தார். கடைசிவரை அவருக்கு 'வெண்ணெய் தோரோல்ஃப்' என்றே பெயர். மறைக்க நினைக்கிற தீவைப் பற்றி இப்படியா பேசுவார்கள்?

இன்று மேற்கு ஐஸ்லாந்தின் ஸ்டிக்கிஸ்ஹோல்மூர் ஊரிலிருந்து படகேறி வடமேற்கே பிரியான்ஸ்லைக்கூரில் இறங்கினால், துறைக்குப் பக்கத்திலேயே புல் மூடிய சில சுவர்த் தடங்கள் இருக்கின்றன. ஃப்ளோக்கி தங்கிய இடம் என்று காட்டுகிறார்கள்.

சரி, கிரீன்லாந்து? அதில் பாதி உண்மை உண்டு. ஐஸ்லாந்திலிருந்து நாடு கடத்தப்பட்ட எரிக் என்பவர், நல்ல பெயராக இருந்தால் ஆட்கள் ஆசையோடு வருவார்கள் என்று அப்படி அழைத்தார். ஆள் சேர்க்கும் விளம்பரம் அது. தெற்குக் கழிகள் கோடையில் நிஜமாகவே பச்சைதான்.