சராசரி நேரம் சொல்லாதது
சுங்கத்துறை சரக்கை விடுவிக்கும் சராசரி நேரம் குறைந்துவிட்டதால் இறக்குமதியாளர்களின் தாமதம் தீர்ந்தது என்று கட்டுரையாளர் முடிவு செய்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. துறைமுகங்களில் இறக்குமதிச் சரக்கை 48 மணி நேரத்துக்குள் விடுவிக்க வேண்டும் என்ற இலக்கு வரவேற்கத்தக்கதே. ஆனால் சரக்கு வந்ததில் தொடங்கும் அந்தக் கணக்கு 'அவுட் ஆஃப் சார்ஜ்' எனப்படும் சுங்கத்துறையின் இறுதி அனுமதி கிடைத்தவுடன் முடிகிறது, கன்டெய்னர் துறைமுக வாயிலைக் கடக்க ஆகும் நேரம் அதில் சேர்வதில்லை. மேலும், ராணிப்பேட்டை, ஆம்பூர் தொழிற்சாலைகளுக்கு வரும் பதனிடாத தோலுக்குக் விலங்கு நோய் பரவாமல் தடுப்பதற்கான கால்நடை குவாரண்டைன் அனுமதியும் தேவைப்படுவதால், பரிசோதனையின்றி வெளியேறும் இயந்திர உதிரிபாகங்களோடு அதையும் சேர்த்துச் சராசரி காண்பது எங்கள் நிலையை முற்றிலும் மறைத்துவிடுகிறது. தோல் வந்து சேராத நாள்களில் நான் பணிபுரியும் தொழிற்கூடத்தில் தோல் பதனிடும் டிரம்கள் ஓடுவதில்லை, தினக்கூலியை நம்பி வரும் பெண்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். குவாரண்டைன் தேவைப்படும் சரக்குகளின் நேரத்தைத் தனியே காட்டியிருந்தால் இக்கட்டுரை வட ஆற்காட்டுத் தோல் தொழிலுக்கு உண்மையாகவே பயன்பட்டிருக்கும்.